கோரைக்குள் இருப்பவன்

– எங்க அவன்?

– உஸ்! உக்காருண்ணா.

– நான் ஏன் உக்காரணும்? கெடார்லேர்ந்து மொத பஸ்ஸு புடிச்சி, கையில தடி எடுத்துக்கினு வந்தது உன் பக்கத்துல சேத்துல குந்தறதுக்கா? கூடப்பொறந்த அண்ணன் விருத்தாசலம் வந்து நிக்கிறேன், திரும்பி ஒரு பார்வை பாக்கமாட்டேங்கறே. எங்க போனான்? கோரைக்குள்ள பூந்துட்டானா?

– யாரக் கேக்கறே?

– ஒண்ணுமே தெரியாத பாப்பா! யாரக் கேக்கறேன்னு உனக்குத் தெரியாது?

– அண்ணா, ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில நின்ன காலு இது. ரெண்டு பிரசவம். ஒண்ணு காலு மொதல்ல வந்துச்சு. நின்னுக்கினு சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. சண்டைதான் போடணும்னா குந்து, கொரலத் தாழ்த்து, அப்புறம் எவ்ளோ வேணா போடு.

– கொரல ஏன் தாழ்த்தணும்?

– வாய்க்கால்ல கானாங்கோழி இருக்குது. நீ கத்தினா வெளிய வராது.

– இன்னாது?

– கானாங்கோழி. நம்மூரு ஏரியில பாத்திருக்கியே. கறுப்பு முதுகு, வெள்ளை மாரு, எப்பப் பாரு வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கினு போவும். ஆளக் கண்டா பூந்துக்கும். இந்தக் கோரைக்குள்ள ஒரு சோடி கூடு கட்டியிருக்குது.

– செண்பகம், நான் கல்லுக்குண்டாட்டம் ஒருத்தன் எதுர்ல நிக்கறேன். எங்கிட்டயே கத கட்டுறியா? பட்டணத்துச் சாக்கடையில, ரைஸ் மில்லு அழுக்குத் தண்ணி ஓடற வாய்க்கால்ல, கோழி பாக்க ஒரு பொம்பள விடியக்காலம் வந்து குந்தறாளாம்!

– ஆமா, குந்தறேன். நைட் டூட்டி முடிஞ்ச நாளெல்லாம் குந்தறேன். இன்னா தப்பு?

– இன்னா தப்பான்னு திண்டிவனத்துல போயி கேளு.

– திண்டிவனத்துக்கும் இந்த வாய்க்காலுக்கும் இன்னா?

– உன் கல்யாணமே பேஜாராப் பூடும் போலக்குது, இன்னாவாம்! மாப்பிள்ளை வூட்டுலேர்ந்து முந்தாநேத்து ஆளு வந்து கூப்பிட்டான். பூ வெக்கற தேதி பேசத்தான் கூப்பிடறாங்கன்னு வெத்தல பாக்கு, வாழைத்தாரு எல்லாம் தூக்கிக்கினு நேத்து போறேன். உள்ள நுழைஞ்சா வான்னு ஒருத்தர் வாயத் தொறக்கல. குந்தறதுக்குப் பாயி போடல. வாழைத்தாரத் தோள்லயே வெச்சிக்கினு நிக்கறேன். மாப்பிள்ளையோட சித்தப்பன் கண்ணையன் இருக்காரே, மண்டிக்காரரு, அவரு கேக்கறாரு: "உங்க தங்கச்சி நடத்த எப்படி?" எனக்கு எப்படி இருந்திருக்கும்?

– உனக்கு எப்படி இருந்துச்சோ. எனக்கு இப்ப உள்ளங்கால்லேர்ந்து கோவம் ஏறுது. ஏன் அப்படிக் கேட்டாராம்?

– போன வாரம் எழும்பூர் பாசஞ்சர்ல விழுப்புரம் வந்திருக்காரு. கைகாட்டி எறங்கலன்னு வண்டிய அவுட்டர்ல போட்டுட்டான். அதோ அந்தப் பாலத்து மேலதான். ஜன்னல் வழியாப் பாத்தா, இதே எடத்துல, இதே தாழம்புதருக்குப் பின்னாடி, ஒரு பொம்பள முக்காடு போட்டுக்கினு பதுங்கிக் குந்தியிருக்கா. முக்காடு சரிஞ்சுது. பாத்தா, அவங்க வந்து பாத்துட்டுப் போன நர்சுப் பொண்ணு!

– முக்காடு இல்லண்ணா, போர்வை. இந்தப் பழுப்புப் போர்வைதான், தொட்டுப் பாரு. உள்ள ஆஸ்பத்திரி வெள்ளைச் சேலை. வெள்ளையோட வந்து குந்தினா தூரத்துலயே பாத்துட்டு ஓடிடுது. அதுக்காவப் போத்திக்கறேன்.

– யாரு ஓடறது?

– கோழி!

– சரி, கோழி. கைய ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டியாம்?

– கூப்பிடல. அக்கரையில ஒருத்தன் எருமை ஓட்டிக்கினு வந்தான். நில்லு, தண்ணியில எறக்காதன்னு கைய ஆட்டினேன்.

– கொரலு குடுத்தியாம். நீ இங்கேர்ந்து ஒரு தினுசாக் கூவறியாம், கோரைக்குள்ளேர்ந்து அவன் அதே தினுசாப் பதிலுக்குக் கூவறானாம். கண்ணையன் தன் காதால கேட்டிருக்காரு. வண்டியில இருந்த நாலு பேரும் கேட்டிருக்காங்க.

– "குவாக், குவாக்"குன்னா?

– ஏய்!

– அதத்தானே கேட்டாரு? சோடி ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு கூவிக்கிச்சு. ஒரு கை மல்லாட்டைக் கடலை அள்ளினா எவ்ளோ மண்ணு கலந்திருக்குதுன்னு சொல்லிடுவாருன்னு அவரப் பத்தி எங்கிட்ட பெருமை பேசினியே, அவருக்கு ஆம்பள கொரலுக்கும் கோழிக் கொரலுக்கும் வித்தியாசம் தெரியாதா? எந்த ஊரு ஆம்பளடா குவாக் குவாக்குன்னு கூவறவன்!

– டாவா? அண்ணன டாங்கறியா?

– வாய் தவறிடுச்சு. எரியுதுண்ணா. சொதந்திரம் வந்து பத்து வருஷம் ஆவுது, ஒரு பொம்பள வேலை முடிச்சுட்டு வாய்க்காங்கரையில அர மணி குந்தினா, வண்டியில போறவன் வர்றவன் எல்லாம் தீர்ப்பு சொல்றானா? அதோ மில்லுக்காரன் கணக்கப்புள்ள வந்து குந்தறான். பீடியப் பத்த வெச்சிக்கினு ஒரு மணி நேரம் தண்ணியப் பாக்கறான். அவனப் போயி எவனாவது கேட்டானா, கோரைக்குள்ள எவ இருக்கான்னு?

– அவன் ஆம்பள.

– அதத்தான் நானும் சொல்றேன்.

– வாய் பேசிக்கினே இரு. வேலைக்கு உட்டதுதான் என் தப்புன்னு ஊரே சொல்லுது. அப்பா போனப்புறம் உன்னை நர்சுக்குப் படிக்க வெக்கறேன்னு நின்னேனே, மாமன் மச்சான் எல்லாம் காறித் துப்பினாங்களே, அப்ப நான் ஒருத்தன்தானே நின்னேன்? அந்த மூஞ்சியில கரி பூசறியே.

– நீ நின்னதை நான் மறக்கல. அதாலதான் கேக்கறேன். அவரு அப்படிக் கேட்டப்ப நீ இன்னா சொன்னே?

– அத அப்புறம் சொல்றேன்.

– "என் தங்கச்சி அப்படி இல்ல"ன்னு சொன்னியா?

– சொன்னேன், சொன்னேன். ஆவறதப் பேசு. மொதல்ல அவனக் காட்டு. தடியால நாலு வெச்சுட்டு, அப்புறம் உங்கிட்ட வர்றேன்.

– தாராளமா. இந்தா இருக்குது கோரை. எறங்கித் தேடு. எவனாவது ஆப்ட்டா என்னையும் சேத்து அடி.

– எறங்கத்தான் போறேன். இந்தச் செருப்பப் புடி.

– இல்ல, நில்லு. வேணாம், எறங்காத. கால வெக்காத அண்ணா!

– பாத்தியா! ஒரு மூச்சுல எறங்குங்கறே, மறு மூச்சுல வேணாங்கறே. உள்ள ஆளு இல்லாமயா?

– உள்ள கூடு இருக்குது. நீ மிதிச்சா போச்சு. அந்தக் கோழி தெனம் ஒரு வழியாப் போயி ஒரு வழியா வருது, கூடு எங்கன்னு தெரியக் கூடாதுன்னு. அத்தப் போயி தடியால கலைக்காத. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன்.

– கால எல்லாம் புடிக்காத. கோழின்னா கோழியக் காட்டு. இப்ப, என் கண்ணெதுர்ல.

– பேசாம குந்தினா தானா வரும். தடியக் கீழ வை. இப்படி இல்ல, தரையில படுக்க வை. தோள்ல கெடக்கற துண்டையும் எடுத்துடு, வெள்ளையா இருக்குது.

– எவ்ளோ நேரம் குந்தணும்?

– அது அதோட இஷ்டம்.

– இன்னா நாத்தம்டி இது. இதுலயா தெனம் குந்தறே?

– பிரசவ வார்டுல மோந்து பாரு ஒருநாளு. இது சந்தனம்.

– கொசு வேற. ஏதோ கால்ல ஏறுது.

– பேசாத.

– வண்டி வருது. இந்தச் சத்தத்துக்கு மட்டும் ஓடாதா உன் கோழி?

– வண்டிக்கு பயப்படாது. வண்டி அது பாட்டுக்கு அது வேலையப் பாத்துக்கினு போயிடும். ஆளுங்களுக்குத்தான் அது பயப்படுது. நானும்தான்.

– ஆமா, கேக்கணும்னு இருந்தேன். ஏன் இங்க? ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு, வூட்டுக்குப் போயி படுத்துத் தூங்கறவ தானே பொண்ணு?

– போன வருஷம் ஒரு கேசு என் கையிலயே போயிடுச்சு. சின்னப் பொண்ணு. தாயும் போச்சு, புள்ளையும் போச்சு. விடிஞ்சு வெளிய வந்தேன். ரூமுக்குப் போவ கால் வரல. வந்து இந்தக் கல்லுல குந்திட்டேன். எவ்ளோ நேரம்னு தெரியல. அசையாம இருந்தேன் போல. என் காலடியில, இதோ இவ்ளோ கிட்ட, அது நடந்து போச்சு.

– கோழியா?

– ஆமா. ராத்திரி பூரா "நர்சம்மா, நர்சம்மா"ன்னு அத்தினி பேரு என்னைக் கூப்பிடறாங்க. தண்ணி குடு, ஊசி போடு, புள்ளையக் காப்பாத்துன்னு. இது ஒண்ணுதான் எங்கிட்ட எதுவும் கேக்கல. நான் இல்லாத மாதிரி இருந்தாத்தான் வருது. எனக்கு அது புடிச்சிருக்குதுண்ணா. அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

– நீ சொல்றப்ப நல்லாத்தான் இருக்குது. ஆனா, யாரோ வர்றாங்க பாரு.

– புல்லுக் கட்டுக்காரம்மா. சவுரியம்மாள்னு பேரு.

– நர்சம்மா, இன்னிக்கும் கோழிக்குக் காவலா? மாதாவே, இந்தம்மாவுக்குத் தூக்கமே வராதா? அட, யாருங்க இந்த ஐயா, தடியும் கிடியுமா?

– என் அண்ணன், சவுரியம்மா. கொஞ்சம் மெதுவா பேசு.

– கும்பிடறேங்க. உங்க தங்கச்சிதாங்க எம் மருமவ உசுர மீட்டுக் குடுத்தது. நல்லா இருக்கணும்.

– இந்தா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இவ இங்க தனியாத்தான் குந்தறாளா?

– தனியாவா? எங்கங்க தனியா?

– பாத்தியா செண்பகம்! சொல்லு, சொல்லு. கூட யாரு?

– கொசு இருக்குது, அட்டை இருக்குது, ரெண்டு நாளு முந்தி தண்ணிப்பாம்பு ஒண்ணு இந்தம்மா பக்கத்துலயே படுத்துக்கினு இருந்துச்சு. நாந்தான் ஓட்டினேன். மனுஷன் எவன் வருவான் இந்த நாத்தத்துல? எங்கூட்டுக்காரு அந்தக் கோழியக் கண்ணி வெச்சுப் புடிக்கறேன்னாருங்க, கறி ருசியா இருக்கும். இந்தம்மா சண்டைக்கு வந்துடுச்சு. சரி போவட்டும், புள்ள எடுக்கற கை, அது பேச்சத் தட்டக் கூடாதுன்னு உட்டுட்டோம். வர்றேம்மா, எருமைங்க கத்திக்கினு இருக்கும்.

– கேட்டியாண்ணா?

– கேட்டேன். ஆனா, இவ சாட்சிய திண்டிவனத்துல எவன் ஏத்துக்குவான்? சேரிப் பொம்பள.

– அவளுக்குக் கண்ணு இல்லியா? தெனம் கிட்ட வந்து பாக்கறவ கண்ணு செல்லாது, வண்டியிலேர்ந்து ஒருநாளு பாத்த மண்டிக்காரன் கண்ணு மட்டும் செல்லுமா? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு...

– ஏ, ஏ, நிறுத்து.

– ஏன் நிறுத்தணும்? இவ்ளோ நேரம் நீ பேசினே.

– அட நிறுத்துடின்னா. அங்க பாரு. கோரை அசையுது.

– அசையாத. மூச்ச மெதுவா உடு.

– வெள்ளையா ஒண்ணு தெரியுது.

– அதான் மாரு. எட்டிப் பாக்குது. ஆளு இருக்குதான்னு.

– வாலு ஆடுது! அடேயப்பா, இன்னா திமிரு பாரு, கல்யாண வூட்டுச் சம்பந்தியாட்டம் கால எடுத்து எடுத்து வெக்குது. வந்துட்டுது, வந்துட்டுது. பின்னாடி இன்னாடி அது கறுப்பா?

– எங்க?

– அது பின்னாடி. கரித்துண்டாட்டம். ஒண்ணு, ரெண்டு... செண்பகம், குஞ்சுடி!

– குஞ்சா? பொரிச்சிடுச்சா? நேத்து இல்லியே. ஐயோ, நேத்து வரைக்கும் இல்லியே அண்ணா!

– அழுவாத. எதுக்கு அழுவறே? கண்ணத் தொடச்சிக்கினு பாரு, போயிடப் போவுது. கடைசிக் குஞ்சு மாட்டிக்கிச்சு பாரு. தாவுது. உழுந்துடுச்சு. ஏறு, ஏறு கண்ணு. அப்படித்தான். அம்மாக்காரி நின்னு பாக்குது பாரு, உட்டுட்டுப் போவல. போயிட்டாங்க. எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டாங்க.

– பாத்தியா?

– பாத்தேன். நாப்பது வயசுல இத்த இப்பத்தான் பாக்கறேன். ஏரியில இதுங்க மேல கல்லு உட்டிருக்கேன் நானு.

– அப்ப கண்ணையன் கேட்ட கொரலு?

– கோழிதான். ஆளு இல்ல. ஒத்துக்கறேம்மா. தப்பா நெனச்சிட்டேன். உன் அண்ணனே உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்.

– சரி உடு. இப்ப நேரா திண்டிவனத்துக்குப் போ. கண்ணையன் எதுர்ல நின்னு சொல்லு, என் ரெண்டு கண்ணால பாத்தேன், கானாங்கோழின்னு. நம்பலன்னா அவரையே கூட்டியா. இதே சேத்துல குந்த வெக்கறேன்.

– செண்பகம், ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது.

– சொல்லு.

– நேத்து அவங்க கேட்டப்ப, மொதல்ல இல்லவே இல்லன்னுதான் சாதிச்சேன். எங்க அம்மா மேல ஆணையா சாதிச்சேன். ஒருத்தரும் நம்பல. கண்ணையன் சொல்றாரு: "ஒளிக்காம சொல்லுங்க. வெளிய வேலைக்குப் போற வயசுப் பொண்ணு, ஏதோ ஆயிடும், சகஜம்தான். உண்மையச் சொன்னா மன்னிச்சு எடுத்துக்கறோம். மறைச்சாத்தான் ஆவாது."

– அதுக்கு?

– ஒருத்தன் இருந்தான்னு சொல்லிட்டேன்.

– இன்னா சொன்னே?

– ஒடனே நம்பிட்டாங்கம்மா. அப்பதான் பாயே போட்டாங்க. காபி குடுத்தாங்க. வாழைத்தார எறக்கி வெக்கச் சொன்னாங்க.

– அண்ணா!

– கத்தாத, குஞ்சுங்க இருக்குது. எனக்கு மட்டும் இன்னா தெரியும்? நெஜமாவே எவனோ இருக்கான்னுதான் நெனச்சேன். அவன அடிச்சித் தொரத்தியாச்சுன்னு சொல்லிட்டேன். சொன்னத உண்மை ஆக்கிடலாம்னுதான் விடியக்காலமே தடியத் தூக்கிக்கினு ஓடி வந்தேன். இங்க வந்து பாத்தா அடிக்கறதுக்கு ஆளே இல்ல.

– இன்னும் இன்னா சொன்னே? மிச்சம் வெக்காம சொல்லு.

– நீ என் கால்ல உழுந்து அழுதேன்னு சொன்னேன். இனிமே செய்யமாட்டேன்னு சூடம் அடிச்சி சத்தியம் பண்ணேன்னு. மாப்பிள்ளையோட அம்மா முந்தானையால கண்ணத் தொடச்சிக்கினாங்க. நல்ல மாதிரி அவங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

– இன்னா கேள்வி?

– "பையன் இன்னா சாதி?"

– நீ?

– நம்ம ஆளுங்கதான்னேன். அப்பதான் வூட்டுல எல்லார் மூஞ்சியிலயும் உசுரு வந்துது. ஆவணிக்குள்ளயே முகூர்த்தம் குறிச்சிட்டாங்க. நீ வேலைய மட்டும் உட்டுடணுமாம்.

– அதாவது, நான் பண்ணாத தப்ப அவங்க மன்னிச்சிட்டாங்க.

– ஆமாம்மா. பெரிய மனசு.

– பெரிய மனசு! அங்க போனப்புறம் தெனம் மன்னிப்பாங்கண்ணா. சோத்தப் போட்டு மன்னிப்பாங்க. கொழம்புல உப்பு கொறஞ்சா, மன்னிச்சதை ஞாபகப்படுத்துவாங்க. நான் தண்ணி எடுக்கப் போயி கொஞ்சம் நேரம் ஆனா, பின்னாடியே ஒரு ஆளு வருவான். அந்த வூட்டுல ஒரு எடத்துல நான் சும்மா குந்த முடியுமா? ஜன்னல் பக்கம் நிக்க முடியுமா? ஊர்ல இருக்கற புள்ளைங்கள எல்லாம் இந்தக் கையால எடுத்துட்டு, இவங்ககிட்ட நான் மன்னிப்பு வாங்கிக்கினு வாழணுமா? எதுக்கு? ஒரு கோழியப் பாத்ததுக்கா?

– எனக்குப் புரியுது. சத்தியமாப் புரியுது. ஆனா இப்ப போயி கானாங்கோழின்னு சொன்னா சிரிப்பாங்க. பொண்ணுக்குப் புத்தி சரியில்லன்னுவாங்க. ஆம்பளன்னா அவங்களுக்குப் புரியுது, மன்னிக்கத் தெரியுது. கோழிய எப்படி மன்னிப்பாங்க? நான் வேணாங்கறேன்னு சொன்னாலும் உடமாட்டாங்க, "நாங்களே எடுத்துக்கறோம்னு சொன்னப்புறமும் உங்களுக்கு இன்னா கொறை"ன்னு பத்துப் பேரக் கூட்டியாருவாங்க. இன்னிக்கு சாயங்காலம் கண்ணையன் கெடாருக்கே வர்றாரு, வாக்கு வாங்கிக்க. அவருகிட்ட நான் இன்னான்னு சொல்லட்டும்? நீயே சொல்லு.

– அடிச்சும் அவன் அடங்கலன்னு சொல்லு. விடியக்காலம் திரும்பி வந்து, உன் தங்கச்சிய இழுத்துக்கினு ஓடிட்டான்னு சொல்லு.